வீட்டுக்குள் ஒரு கொடிக்கால்

வெயிலிலிருந்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் சில நொடிகள் கண் தெரியாது. அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கும். மேலிருந்து சலித்து இறங்கும் வெளிச்சத்தில் ஒவ்வோர் அகத்தியிலும் ஒரு கொடி கட்டப்பட்டிருக்கும். காலடியில் ஈரம், முகத்தில் குளிர்ச்சி. கரூர்ப் பக்கம் என் தாய்மாமாவின் கொடிக்காலில் சிறுவயதில் ஓடி விளையாடியவன் நான். இருந்தும் என்ன பயன்? சென்னைக்கு வந்து, இரண்டாம் மாடி வீட்டில் மூன்று மணி பிளான்ட்களை அடுத்தடுத்துச் சாகடித்த பிறகுதான், வெற்றிலையும் மணி பிளான்டும் ஒரே மாதிரிப் பிழைப்புப் பிழைக்கிற செடிகள் என்பது எனக்கு உறைத்தது.

அந்தப் பிழைப்பு இன்னதென்று தெரிந்துவிட்டால், எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், எந்த ஜன்னல், எந்தக் குச்சி என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மரம் தன் உழைப்பில் பெரும்பங்கைத் தண்டைப் பருக்க வைப்பதில் செலவழிக்கிறது. கொடி அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறது. மெல்லிய தண்டோடு காட்டின் நிழலில் தொடங்கி, பக்கத்து மரத்தின் மேல் தொற்றி, கணுவுக்குக் கணு வேர் விட்டபடி வெளிச்சத்துக்கு ஏறுகிறது. மிதமான வெளிச்சம், பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு, ஈரமாக இருந்தும் மூச்சுவிட இடம் தரும் மண் ஆகிய மூன்றும் அதன் பிறந்தவீட்டுச் சூழல். நம் கூடத்தில் அதைத்தான் கூடியவரை ஒப்பேற்ற வேண்டும்.

ஏறுவதற்கு மரம் எங்கே இருக்கிறது என்று முளைத்த கொடிக்கு எப்படித் தெரியும்? மத்திய அமெரிக்கக் காடுகளில் மான்ஸ்டெரா வகைக் கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்த இரண்டு ஆய்வாளர்கள் 1975-இல் அதற்கு விடை சொன்னார்கள். செடி என்றால் வெளிச்சத்தை நோக்கிப் போகும் என்றுதானே படித்திருக்கிறோம்? இந்த நாற்றுகள் இருட்டை நோக்கி ஊர்ந்தன. காட்டுத் தரையில் இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடிப்பகுதி. அதைத் தொட்ட பிறகுதான் திசையை மாற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கின.

எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. பிரண்டையும் பாகலும் பற்றுக்கம்பி வீசிப் பிடிக்கும். சங்குப்பூவும், மெழுகுப்பூக் கொடியான ஹோயாவும் தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். மணி பிளான்ட், வெற்றிலை, மிளகு ஆகியவை கணுவிலிருந்து வேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் உடல்நலமின்றி அறைக்குள் முடங்கிக் கிடந்த நாட்களில் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடித் தொட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி எவ்வளவு நேரத்தில் ஒரு வட்டமடிக்கிறது என்று கணக்கெடுத்தார். வெப்பமான நாட்களின் பகலில் சராசரியாக 2 மணி 8 நிமிடம். படுத்த படுக்கையிலும் அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நின்று உங்கள் வீட்டுக் கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம் சற்றுப் புடைத்து, வளையம் போட்டதுபோல் இருக்கும். அதுதான் கணு. அதன் ஒரு பக்கத்தில் கடுகளவு பழுப்பு முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நகத்தால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அது வேர். ஈரம் பட்டால் நீளும், படாவிட்டால் அப்படியே காய்ந்து காத்துக்கொண்டிருக்கும். இலைக்காம்பின் கக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மொட்டு உறங்குகிறது. வேரும் மொட்டும் இரண்டுமே கணுவில்தான். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் வேர்கூட விடலாம், ஆனால் ஒருநாளும் தளிர் விடாது. பிப்ரவரி மாதம் சின்னத் தொட்டியில் ஒற்றை இதய வடிவ இலையை நட்டு, காதலர் பரிசு என்று விற்கிறார்களே, அது ஹோயா கெர்ரி. பெரும்பாலும் கணு இல்லாமல் நடப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் அதே ஒற்றை இலையாக நிற்கும். வாங்கினவர் தன் காதலைச் சந்தேகிக்க வேண்டாம், கணுவைச் சந்தேகித்தால் போதும்.

எதை வாங்குவது

முதல் கொடிக்கு மணி பிளான்டைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பசிபிக் கடலில் டாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரேயா தீவுதான் இதன் சொந்த ஊர். 1880-இல் தாவரவியலாளர்கள் இதற்கு முதல் பெயர் வைத்தார்கள். பிறகு இனம் மாற்றி, மறுபடி மாற்றி, 1964-இல்தான் எபிபிரெம்னம் என்ற இப்போதைய இனத்தில் சேர்த்தார்கள். பூவைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பது வழக்கம், இதுவோ பூப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்கு அரிதாகப் பூக்கிறது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் ஹார்மோனைப் போதிய அளவு உண்டாக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். பூ இல்லை என்றால் விதை இல்லை. ஆக, ஊரெல்லாம் பரவியிருக்கும் மணி பிளான்ட் ஏறக்குறைய அத்தனையும் யாரோ ஒருவர் கையால் கிள்ளி இன்னொருவர் கைக்குப் போனவை. திருடி நட்டால்தான் மணி பிளான்ட் வளரும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பணம் சேருமா என்பது எனக்குத் தெரியாது. கிள்ளிப் பரப்ப வேண்டிய செடிக்கு இதைவிடத் தோதான மூடநம்பிக்கை அமையாது.

மணி பிளான்ட் ஒன்றை ஆறு மாதம் உயிரோடு வைத்திருந்தால், அடுத்து சிங்கோனியம். அம்பு முனை போன்ற இலை, இளஞ்சிவப்பு வகைகளும் கிடைக்கும், வேகமாக வளரும். மணி பிளான்ட்போலவே தோன்றும் இதய இலை பிலோடெண்ட்ரானும் நல்ல தேர்வுதான். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் புதிய தளிரைப் பார்க்கலாம். பிலோடெண்ட்ரானின் தளிர் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து வரும், அந்த உறை பிறகு காய்ந்து உதிரும். மணி பிளான்டில் அப்படித் தனி உறை இராது. ஹோயா பொறுமைசாலிகளுக்கு. தடித்த இலை, மெதுவான வளர்ச்சி, மெழுகில் செய்தது போன்ற பூங்கொத்து. பூ உதிர்ந்த பிறகு எஞ்சும் காம்பை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும்.

குளிர்நாட்டுக் கொடியான ஐவியை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் வாங்கட்டும். சமவெளியின் மே மாதத்தை அது தாங்கி நான் பார்த்ததில்லை. முத்துமாலைபோல் தொங்கும் சதைப்பற்றுக் கொடியைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். நம் கடலோரப் புழுக்கத்தில் அது எளிதில் அழுகிவிடும்.

நர்சரியில் பூப்போலப் புசுபுசுவென்றிருக்கும் தொட்டியை எடுத்ததும் பணத்தை நீட்ட வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, கீழே வைத்துவிடுங்கள். தொட்டியின் அடித்துளையில் எட்டிப் பார்க்கும் வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்தால் நல்லது. கறுத்துக் குழகுழவென்றிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. பச்சை வலைக்கூடாரத்தில் வளர்ந்த செடி வீட்டுக்கு வந்ததும் இரண்டொரு இலையைப் பழுக்கவிடும். பயந்துபோய் உடனே தொட்டியை மாற்றி, உரம் போட்டு, இடம் மாற்றி அலைக்கழிக்காமல் இரண்டு வாரம் சும்மா விடுங்கள்.

வெளிச்சம்: கண்ணை நம்பாதீர்கள்

நாளிதழ் படிக்க வெளிச்சம் போதும் என்றால் செடிக்கும் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் உறுப்பு, அதனால் அது நல்ல சாட்சி அல்ல. நடுப்பகல் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். ஜன்னலிலிருந்து தள்ளி, கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ் தேறினாலே அதிகம். கையில் கருவி இல்லாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளைச் செடி இருக்கும் இடத்தில் வைத்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் விழுந்தால் வெளிச்சம் கடுமை. ஓரம் மங்கிய, ஆனால் கை என்று தெரிகிற நிழல் கொடிகளுக்கு ஏற்றது. நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் செடிக்கு உகந்ததல்ல. பிளாஸ்டிக் செடி வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தெற்கு ஜன்னலைத் தேடி அலைகிறவர்களைப் பார்க்கிறேன். அவை வெகு வடக்கே, ஆண்டு முழுக்கச் சூரியன் தெற்கிலேயே நிற்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. நம் வடக்கு ஜன்னலிலும் கோடையில் வெயில் எட்டிப் பார்க்கும். என் அனுபவத்தில் கிழக்கு ஜன்னலை மிஞ்ச எதுவும் இல்லை. காலை இளவெயில் சற்று நேரம், பிறகு நாள் முழுக்க வெளிச்சம். மேற்கு ஜன்னல் என்றால் ஒரு வெள்ளைத் திரை வேண்டும். திரை போடாமல் நான் விட்டிருந்த பிலோடெண்ட்ரானின் இலைகளில், ஒரே மே மாத வாரத்தில், இஸ்திரிப் பெட்டியால் சுட்டதுபோல் பழுப்புத் திட்டுகள் விழுந்தன.

வெளிச்சம் குறைந்தால் கொடி சத்தம் போடாமல் சொல்லும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளும், புது இலை முந்தையதைவிடச் சிறுக்கும், மஞ்சளும் வெள்ளையும் தெளித்த வகை என்றால் தெளிப்பு மறைந்து முழுப்பச்சைக்குத் திரும்பும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அது உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை. வருமானம் குறைந்த வீட்டில் செடி முதலில் குறைப்பது அந்தச் செலவைத்தான்.

தண்ணீர்

என் மூன்று செடிகளும் செத்தது தாகத்தால் அல்ல. காலையில் பல் துலக்கியதும் ஒரு குவளை என்று தினமும் ஊற்றினேன். வேருக்கு நீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காற்றும் முக்கியம். மண்ணின் இடுக்கெல்லாம் எப்போதும் தண்ணீரே நிறைந்திருந்தால் வேர் மூச்சுத்திணறிச் சாகும், செத்த வேரில் அழுகல் பிடிக்கும். கொடிக்காலில் நடந்தால் பாதம் குளிர வேண்டும், சேறு ஒட்டக் கூடாது என்பார் மாமா. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், மேட்டுப் பாத்தியில் கொடி நிற்கும். அந்த ஏற்பாட்டின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஈரம் தட்டினால் நாளை பார்க்கலாம். நாள் கணக்கு உதவாது. என் வீட்டில் மே மாதத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை கேட்கும் அதே தொட்டி, ஐப்பசி மழையில் பத்து நாள் தாங்கும். இதில் ஆரம்பக்காரர்களை விழவைக்கும் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடினாலும் இலை தொங்கும், வேர் அழுகினாலும் இலை தொங்கும். வேர் இல்லாத செடியால் நீரை இழுக்க முடியாதல்லவா? தொங்கும் இலையைப் பார்த்ததும் குவளையைத் தூக்காமல் மண்ணைத் தொடுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்குகிறது என்றால் செடியை வெளியே எடுத்து, கறுத்த வேர்களை வெட்டிவிட்டு, நல்ல கணுக்களைக் கிள்ளித் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றுவதுதான் வழி.

துளை இல்லாத பீங்கான் தொட்டிகளை விற்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. என் மூன்றாவது செடி அப்படியொன்றில்தான் மாண்டது. அழகுக்கு வேண்டுமானால் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள். மண்கலவை பெரிய வித்தை அல்ல: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு, பருமணலோ, பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக்கல் துகளோ அரைப்பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள். உப்பு என்றதும் போர்வெல் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிந்து, இலை நுனி கருகினால் காரணம் அதுவாக இருக்கலாம். மாதம் ஒரு முறை குளியலறைக்குத் தூக்கிச் சென்று தாராளமாக நீரை ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள், மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்ற வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பாட்டிலில் வளர்க்கலாமா? தாராளமாக. ஆனால் ஒரு கதை. டெங்கு பரவிய ஒரு மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாடித் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் பெருமையாக வைத்திருந்த மணி பிளான்ட் பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வேர்களுக்கு நடுவே ஏழெட்டுப் புழுக்கள் துள்ளித் துள்ளி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் திட்டவில்லை, என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படித் தெளிந்த நீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். ஆகவே வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வாய்ப்பகுதியைப் பஞ்சால் அடைத்துவிடுவது இன்னும் நிம்மதி.

ஏற்றுவதும் இறக்குவதும்

பழைய தோட்டங்களில் மாமரத்தில் ஏறிய மணி பிளான்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலை முறம்போல விரிந்திருக்கும். அதே செடிதான் நம் அலமாரி மேலிருந்து வெற்றிலை அளவில் தொங்குகிறது. வேர் பற்றி மேலேறும் கொடி இலையைப் பெரிதாக்கும். பற்றில்லாமல் தொங்கும் கொடி இலையைச் சிறிதாக்கிக்கொண்டு இன்னொரு மரத்தைத் தேடி நீளும். பெரிய இலை வேண்டுமென்றால் தென்னை நார் சுற்றிய குச்சியை நடுவில் நட்டு, கணுவின் வேர்ப்பக்கம் நாரைத் தொடும்படி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நாரில் ஈரம் இருந்தால்தான் வேர் உள்ளே போகும், காய்ந்த குச்சி வெறும் நாற்காலி.

தொங்கவிட்டே வளர்ப்பவர்களுக்கு ஓராண்டில் வேறொரு சிக்கல் வரும். நுனியில் பத்து இலை, தொட்டியின் வாயருகே மொட்டைத் தண்டு. இதற்கும் கொடிக்காலில் வைத்தியம் உண்டு. வெற்றிலைக் கொடி ஓராண்டில் சுமார் 3 மீட்டர் ஏறிவிடும், அதன்பின் இலை சிறுக்கத் தொடங்கும். பங்குனி வாக்கில் கொடியை அகத்தியிலிருந்து அவிழ்த்து இறக்கி, மொட்டையான அடித்தண்டை வளையமாகச் சுருட்டி மண்ணில் புதைத்துவிட்டு, நுனியை மட்டும் மறுபடி கட்டுவார்கள். புதைந்த வளைவின் கணுக்களிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். நான் அதையே ஒரு மணி பிளான்டுக்குச் செய்தேன். மொட்டைத் தண்டைத் தொட்டி மண்ணின் மேலேயே வட்டமாக வளைத்து, ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொடும்படி மனைவியின் ஹேர்பின்களால் குத்தி வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு கணுவில் பச்சை மூக்கு தெரிந்தது. இரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்தது. ஹேர்பின்கள் துருப்பிடித்துத் திரும்பிப் போனதில் வீட்டில் சிறிய சச்சரவு.

மற்றவை சுருக்கமாக. உரம் என்றால் மாதம் ஒரு பிடி மண்புழு உரம் போதும். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். இலையில் படியும் தூசியை அவ்வப்போது துடையுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தைத் தவிருங்கள். மணி பிளான்ட் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று படித்துவிட்டு வாங்குகிறீர்கள் என்றால், 1989-இல் வெளியான நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான வீட்டில் காற்றோட்டத்தோடு போட்டியிட ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பது மலிவு.

குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் ஒன்றை மறக்கக் கூடாது. மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா நான்கும் சேம்பு குடும்பம். சேப்பங்கிழங்கையும் கருணையையும் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் காறுமே, அந்தக் காறலுக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாய் எரியும், வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய பிறகு கையைக் கழுவுங்கள்.

கிள்ளிப் பெருக்குவதற்கு, கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, கணு நீருக்குள்ளும் இலை நீருக்கு வெளியிலும் இருக்கும்படி வையுங்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் நீரிலேயே பழகிய வேர், மண்ணில் இறங்கத் தடுமாறும்.

அப்படி வேர் விட்ட ஐந்தாறு துண்டுகளைப் போன மாதம் எதிர்வீட்டு அம்மாவிடம் நீட்டினேன். "வேண்டாம் தம்பி, கொடுத்து வாங்கினால் வராது" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுநாள் காலை வாசற்படித் தொட்டியில் நல்ல கொழுத்த நுனி ஒன்றைக் காணவில்லை. வெட்டு சரியாகக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.